அரக்கு நிறம் செங்கல் ஆன கதை: புது போனும் மூன்று சர்வீஸ் சென்டர் நடையும்

மதுரை காமராஜர் சாலைப் பக்கம் வீட்டில் இருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறேன். கடை கிடையாது. சாயப் பட்டறையிலிருந்து சேலை வரும், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவேன், தேனி, சிவகங்கை, சென்னை என்று கூரியரில் போகும். போன்தான் எனக்குக் கடை. அதனால்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

பழைய போன் ஐந்து வருடம் உழைத்தது. அப்புறம் சார்ஜ் நிற்கவில்லை. பங்குனிக் கடைசியில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் 18,499 ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன். சித்திரை வெயிலில்தான் காட்டன் சுங்குடி அதிகம் போகும், அதற்குள் கையில் நல்ல போன் வேண்டும் என்று அவசரம்.

முதல் தொல்லை பேசும்போது வந்தது. போனைக் காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும். இது அணையாது. கன்னம் பட்டு மியூட் விழுந்துவிடும். நான் விலை சொல்லிக்கொண்டே இருப்பேன், அந்தப் பக்கம் "அக்கா, சத்தமே வரலையே" என்று வைத்துவிடுவார்கள். சில நேரம் தலைகீழாக நடக்கும். காதிலிருந்து எடுத்த பிறகும் திரை கறுப்பாகவே கிடக்கும், அழைப்பைத் துண்டிக்கவே முடியாது.

அதைவிடப் பெரிய அடி நிறத்தில் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளன, திண்ணைக் கட்டிலில் ஓர் அரக்குச் சேலையை விரித்தேன். வெள்ளைப் புள்ளி, மாம்பழ மஞ்சள் கரை. முழுசாக விரித்து எடுத்த படத்தில் செங்கல் நிறம். அதையே மடித்து, கரை தெரிகிற மாதிரி எடுத்தால் ராணி ரோஸ். அதே சேலை, அதே வெளிச்சம், நடுவில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தேனியில் ஒருவர் முதல் படத்தைப் பார்த்து வாங்கினார். "நீங்க செங்கல் கலர் காட்டுனீங்க, வந்தது அரக்குக்கா" என்று திருப்பி அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை. ஒரே மாதத்தில் மூன்று சேலை இப்படித் திரும்பின. போக வரக் கூரியர் காசு என்னுடையது.

சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியை நகத்தால் கிள்ளி நூல் சுற்றிப் போடுகிற முடிச்சு. 2005-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய சேலை. ஒரு பெண் நாள்கணக்கில் உட்கார்ந்து போட்ட வேலை, போன் காட்டிய பொய்யான நிறத்தால் பார்சலில் திரும்பி வந்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

வாங்கின கடையில், "ஏழு நாள் தாண்டிருச்சுக்கா, இனிமே சர்வீஸ் சென்டர்தான்" என்றார்கள். சரி என்று பைபாஸ் ரோட்டுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி பத்து நிமிடம் பார்த்துவிட்டு ரீசெட் போட்டுக் கொடுத்தார், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புது போன் மாதிரி ஆக்கினார். போனில் என்ன குறை என்று எழுதித் தருகிற ஜாப் ஷீட்டில் 'சாஃப்ட்வேர்' என்று ஒற்றை வார்த்தை எழுதியிருந்தது. நானும் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் என்னை ரொம்ப அலைய வைத்தது.

ரீசெட் போட்டால் என்னென்ன போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாட்ஸ்அப் பேக்கப் எடுத்திருந்ததால் படங்கள் தப்பின. யூபிஐ ஆப்பை முதலிலிருந்து பதிய வேண்டியிருந்தது. வங்கியில் கொடுத்த நம்பரிலிருந்து அதுவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும். என்னிடம் இரண்டு சிம். எஸ்எம்எஸ் இரண்டு முறை அடுத்த சிம்மிலிருந்து போய்த் தோற்றது. மூன்றாவது முறை, அந்த சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்ததும் சரியானது. ஆனால் புதிதாகப் பதிந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. அன்றைக்குச் சாயக்காரருக்கு 12,000 கொடுக்க வேண்டிய நாள். என் கூடப்பிறந்த தம்பியிடம் வாங்கிக் கொடுத்தேன். ரீசெட்டுக்குக் கொடுப்பவர்கள், பணம் கட்ட வேண்டியதை முதலில் கட்டிவிட்டுக் கொடுங்கள்.

இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மறுபடி மியூட்.

இந்தத் தடவை தயாராகப் போனேன். நாத்தனார் போனில் வீடியோ எடுக்கச் சொல்லி இருபது அழைப்பு பேசினேன். பதினொன்றில் திரை அணையவில்லை. தேதி, நேரத்தோடு ஒரு தாளில் குறித்தேன். நாம் ஏற்றிய ஆப் எதுவும் ஓடாத சேஃப் மோடிலும் போட்டுப் பார்த்தேன், அதிலும் அதே கதை. நாம் ஏற்றிய ஆப்தான் காரணம் என்று அவர்கள் தட்டிக்கழிக்க இனி வழியில்லை. ஜாப் ஷீட்டில் "பேசும்போது திரை அணைவதில்லை, வீடியோ காட்டப்பட்டது" என்று எழுத வைத்து, படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு இருந்த டெக்னீஷியன் பொறுமையாக விளக்கினார். முகம் பக்கத்தில் வருவதைக் கண்டுபிடிக்க நிறைய போனில் அகச்சிவப்புக் கதிர் சென்சார் இருக்கும். என் போனில் அது கிடையாது. காது ஸ்பீக்கரிலிருந்து நமக்குக் கேட்காத ஒலியை விட்டு, கன்னத்தில் பட்டுத் திரும்புவதை மைக் பிடித்து, சாஃப்ட்வேர் கணக்குப் போடுகிறது. ஸ்பீக்கர் வலையில் தூசி அடைத்தாலோ, மேலே ஒட்டிய கண்ணாடி அதை மறைத்தாலோ கணக்குத் தப்பும். கண்ணாடியைப் பிரித்தார், வலையைச் சுத்தம் செய்தார். மாறவில்லை. "அடுத்த அப்டேட்ல சரியாயிரும் மேடம்" என்று அனுப்பிவிட்டார். அப்டேட் வந்தது, சரியாகவில்லை.

அப்புறம்தான் 1915-க்கு அடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பில், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), இரண்டு ஜாப் ஷீட் எண் கேட்டார்கள். ஐஎம்இஐ தெரியாதவர்கள் *#06# அடித்தால் திரையிலேயே வரும். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள். மூன்றாவது நடையில் காது ஸ்பீக்கரையும் அதோடு சேர்ந்த சின்ன போர்டையும் மாற்றினார்கள். வாரண்டியில் காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து மியூட் விழவில்லை.

இதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தெரிந்த வக்கீல் சார் ஒருவர், "முதல் ஜாப் ஷீட்டை மட்டும் வச்சு ஒண்ணும் செய்ய முடியாதும்மா, ரெண்டாவதுதான் பேசும்" என்றார்.

நிறத்தைக் குறையாகவே அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. "கேமரா அப்படித்தான் மேடம்." காரணத்தை அண்ணன் மகனோடு உட்கார்ந்து நானேதான் கண்டுபிடித்தேன். படம் முழுக்க ஒரே நிறம் நிறைந்தால், அதை விளக்கு வெளிச்சத்தின் சாயம் என்று கேமரா நினைத்துக்கொண்டு அந்த நிறத்தைக் குறைக்கிறது. விரித்த அரக்கு செங்கல் ஆனது அதனால்தான். கொஞ்சம் சிவப்பு தெரிந்தால், படத்தைத் தானாக மெருகேற்றுகிற கேமராவின் ஏஐ அதைப் பளிச்சென்று ஏற்றிவிடுகிறது, ரோஸ் வருகிறது. இப்போது ஏஐயை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் நாமே அமைக்கிற ப்ரோ மோடில், வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை 5500-இல் நிறுத்துகிறேன். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், திண்ணை நிழலில் எடுக்கிறேன். சேலை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள். அது படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால்தான் அனுப்புவேன். என் போன் திரையையும் 'நேச்சுரல்' நிறத்துக்கு மாற்றினேன். 'விவிட்' இருந்தால் தப்பான படமும் நமக்கு அழகாகத் தெரிந்துவிடும். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது ஒரே ஒரு சேலை, அதுவும் கரை அகலம் பிடிக்காமல்.

ஆனால் கேமராவை மூடித் திறந்தால் 5500 போய் மறுபடி ஆட்டோவில் நிற்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது சேலை எடுக்கிறவளுக்கு நடுவில் ஒரு அழைப்பு வந்தால் போதும், மறந்துவிடும். கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். போன வாரம் அப்டேட் வந்ததும் முதல் வேலையாகக் கேமராவைத்தான் திறந்தேன். ஆட்டோ. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.