பனிக்குள் விதைப்பு: மில்க்வீட், பேர்கமொட், அஸ்ரர்

ரொறன்ரோ, ஜனவரி நடுப்பகுதி. விதைத்தவை தெற்கு ஒன்ராறியோவின் சொந்தச் செடிகள் மூன்று. சதுப்பு மில்க்வீட் எங்கள் எருக்கலையின் குடும்பம், முறித்தால் அதே பால். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு மில்க்வீட் இனத்து இலைதான் உணவு. காட்டுப் பேர்கமொட் கோடைத் தேனீக்களுக்கு. நியூ இங்கிலாந்து அஸ்ரர் செப்டெம்பரில் பூப்பதால், தெற்கே பறக்கும் மொனார்க்குகளுக்கு வழித்தீனி.

இப்படி விதைக்க வழக்கமாக எடுப்பது வெற்றுப் பிளாஸ்ரிக் பால் கான்; இங்கே பால் பெரும்பாலும் பையில் வருகிறது. ஆகவே வெளிச்சம் ஊடுருவும் 4 லீற்றர் தண்ணீர்க் கான். அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் சுற்றி வெட்டி, கைபிடிப் பக்கம் மட்டும் கீல்போல விட வேண்டும். அடியில் சூடான ஆணியால் ஆறு துளை. 8 செ.மீ. பொட்டிங் மிக்ஸ் (கடையில் வாங்கும் சாடி மண்கலவை), நனைத்து வடியவிட்டது. வளவு மண் இறுகிவிடும்; அதிலுள்ள களைவிதையும் சேர்ந்து முளைத்துக் குழப்பும். மில்க்வீட் விதைக்கு மேல் 5 மி.மீ. மண். மற்ற இரண்டும் பொடிவிதை, வெளிச்சம் கேட்பவை: தூவி விரலால் அழுத்தினால் போதும். மூடினால் முளைப்பு குறையும். வெட்டிய இடத்தை ரேப்பால் ஒட்டி, கான் மூடியைக் கழற்றி, பனி விழுகிற இடத்தில் வைத்தாயிற்று. பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் வெயிலில் மங்கும்.

விதையின் உறக்கத்தைக் கலைப்பது குளிர் மட்டுமல்ல, ஈரத்தோடு சேர்ந்த குளிர். உலர்ந்த பக்கற்றைப் பிரீசரில் வைப்பதால் பயனில்லை. மில்க்வீட்டுக்கு 1 முதல் 5 பாகைச் செல்சியசில் குறைந்தது 30 நாள் வேண்டும். பிப்ரவரி தாண்டிவிட்டால் ஈரமணலில் கலந்து பிரிட்ஜில் வைப்பதே நல்லது.

மார்ச். ஆபத்தான மாதம் இதுதான். பனி உருகிவிடும், வெயில் ஏறும், மண் சத்தமில்லாமல் காயும். கானைத் தூக்கிப் பாருங்கள். பாரம் குறைந்திருந்தால் தண்ணீர்த் தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். மேலால் ஊற்றினால் பொடிவிதை ஒரு மூலையில் போய் ஒதுங்கும்.

ஏப்ரல் கடைசி. அஸ்ரரும் பேர்கமொட்டும் பச்சை காட்டின. மில்க்வீட் மண் சூடேறும்வரை அசையாது. மே நடுப்பகுதிவரை காத்திருங்கள். பகலில் 15 பாகை தாண்டினால் கானைத் திறந்துவிட வேண்டும். உறைபனியைவிட, மூடிய கானுக்குள் அவிந்து சாகும் நாற்றுகளே அதிகம்.

இரண்டு சோடி உண்மையிலை (முதல் வரும் வித்திலைக்குப் பிந்திய இலை) வந்ததும் 45 செ.மீ. இடைவெளியில் நடலாம். முதல் வருடம் பெரும்பாலும் வேர்தான், பூ அடுத்த வருடம். நட்ட இடத்தில் குச்சி ஊன்றி வையுங்கள்: மில்க்வீட் அடுத்த வசந்தத்திலும் பிந்தித்தான் எழும்பும், அதற்குள் வெறும் நிலமென்று கொத்திவிடக் கூடாது.