ஆறுதல் நோயை வளர்க்கும்போது

கொழும்பு வெள்ளவத்தையில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் நான், நோயாளியோடு பேசும் அளவுக்கு அவருடைய வீட்டாரோடும் பேசுகிறேன். அச்சக்கோளாறிலும், வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்யத் தூண்டும் எண்ணச் சுழற்சி நோயிலும் (OCD) வீட்டார் அன்பினால் கொடுக்கும் ஆறுதலே நோயை நிலைக்கச் செய்கிறது என்பதை அவர்களுக்குப் புரியவைப்பதுதான் என் வேலையில் மிகக் கடினமான பகுதி.

2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல இடங்களில் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது எல்லோருமே சிலிண்டரைப் பார்த்துப் பயந்தோம். பெரும்பாலானோருக்கு அந்தப் பயம் மெல்லத் தணிந்துவிட்டது. எண்ணச் சுழற்சி நோய் இருந்த ஒரு பெண்ணுக்குத் தணியவில்லை. படுத்த பிறகும் எழுந்து சென்று ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பார். கையை எடுத்ததுமே சந்தேகம் திரும்பிவிடும். "இஞ்சருங்கோ, காஸ் பூட்டினனானே?" என்று கணவரை எழுப்புவார். "ஓம், நானும் பார்த்தனான், படும்" என்று அவர் சொன்னால் சில நிமிடங்களுக்கு நிம்மதி. பிறகு மறுபடியும் அதே கேள்வி. சோதித்ததால்தான் ஆபத்து வரவில்லை என்று மனம் ஒவ்வொரு தடவையும் கற்றுக்கொள்கிறது; அடுத்த சந்தேகம் இன்னும் வலுவாக வருகிறது.

இந்த வளையத்தை அறுக்கும் சிகிச்சையை உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் விவரித்தார். அச்சம் தரும் நிலையை எதிர்கொள்ள வேண்டும், ஆனால் வழக்கமான சோதிப்பைச் செய்யக்கூடாது. அந்தப் பெண் ஒரே தடவை பூட்டிவிட்டுக் குசினியை விட்டு வர வேண்டும். பதற்றம் ஏறி, எதுவும் செய்யாமலேயே அது இறங்குவதை அனுபவித்து அறிய வேண்டும். கணவரோ, "அதுக்குப் பதில் சொல்லமாட்டன், ஆனால் உம்மோட இருக்கிறன்" என்று சொல்லப் பழக வேண்டியிருந்தது. மனைவி அழும்போது அதைச் சொல்வதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

லிஃப்டுக்குப் பயந்து மாடிப்படி ஏறுபவருக்கும் வழி இதுவே: முதலில் திறந்த கதவருகே நிற்பது, பிறகு துணையோடு ஒரு மாடி, பிறகு தனியே. குறிப்பிட்ட ஒன்றைப் பற்றிய இத்தகைய அச்சத்துக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படுவதில்லை.

மனச்சோர்வு வேறு. நெஞ்சுப் பாரம், உடல் உளைவு, விடியப்புறத்தில் முழிப்பு என்று ஈ.சி.ஜி., தைரொயிட் அறிக்கைகளோடு வருகிறவரிடம் "மனதைத் திடப்படுத்து" என்பது, இயலாமையோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமத்துவதாகும். விருப்பம் வரும்வரை காத்திராமல், குளிப்பது, கடற்கரை வரை நடப்பது போன்ற சிறிய செயல்களை நேரம் குறித்துத் தொடங்க உதவுகிறோம். வைத்தியர் தரும் குளிசையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பக்கவிளைவுகளோ முதலிலேயே வந்துவிடும். அதனால்தான் பலர் இடையில் நிறுத்திவிடுகிறார்கள். சுகமான பிறகும் குறைந்தது 6 மாதங்களாவது தொடர வேண்டும் என்பதையும், எண்ணச் சுழற்சி நோயில் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் வரை செல்லலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேட்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆறுதலடைகிறார்கள். மனநல மருத்துவமனை இருப்பதால் அங்கொடை என்ற ஊரின் பெயரையே ஏச்சாகப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடையே இருப்பது எனக்கு வேதனை தருகிறது. அங்குள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணை வீட்டார் தங்கள் கைபேசியில் பதிந்துகொண்ட பிறகே அவர்களை அனுப்பிவைக்கிறேன்.