பிங்க் தாளில் இல்லாத விடை

பிரிட்டிஷ் மரபில் வந்த ராணுவக் கல்லூரிகளில், பயிற்சிக் கணக்குக்குப் பயிற்றுநர் குழு முன்கூட்டியே எழுதிவைக்கும் விடைக்கு ‘பிங்க்’ என்று பேச்சுவழக்கு. இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்டதால் வந்த பெயர். மாணவ அதிகாரிகள் பக்கத்தில் ‘பி.சி.கே.’ என்றொரு சரக்கு கைமாறும். முந்தைய பேட்ச் விட்டுச்சென்ற குறிப்புகள் அவை: போன தடவை குன்றை எந்தப் பக்கமிருந்து தாக்கியதற்கு டி.எஸ். (பயிற்றுநர் குழு அதிகாரி) தலையாட்டினார், எத்தனை பீரங்கி கேட்டதற்கு முகம் சுளித்தார் என்பது வரை இருக்கும். இவை இரண்டும் இருக்கும்வரை, பாடத்திட்டத்தில் ட்ரோன், சைபர் என்று எத்தனை வகுப்பைச் சேர்த்தாலும் பயன் குறைவுதான். மாணவர் படிப்பது எதிரியை அல்ல, டி.எஸ்.ஸின் முகத்தை.

இந்தப் பழக்கம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. ராணுவ அதிகாரிகளைப் பொறுக்கியெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வில் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி. மனதில் பட்டதை எழுத வேண்டும். யோசிக்க நேரம் தராததுதான் அந்தச் சோதனையின் சூட்சுமம். கோச்சிங் சென்டரிலிருந்து வருபவர் 60-க்கும் வாக்கியம் தயாராக வைத்திருப்பார். ஐந்து நாள் தேர்வில் மனோதத்துவ நிபுணர், குழுத்தேர்வு அதிகாரி, நேர்காணல் அதிகாரி என மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பதால் பெரும்பாலும் வேஷம் கலைந்துவிடும். பயிற்சிக் காலத்தில் அப்படி மூன்று கண்கள் கிடையாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். படையில்லாமல், வரைபடத்தையும் தரையையும் வைத்து நடத்தும் பயிற்சி, டியூட் என்பார்கள். பஞ்சாப் சமவெளி, டிசம்பர் மாதம். கம்பெனி கமாண்டருக்கு நண்பகல் 12 மணிக்கு ஆணை வருகிறது. மறுநாள் விடிகாலை 4 மணிக்குத் தாக்குதல். கையில் 16 மணி நேரம். ‘மூன்றில் ஒரு பங்கு உனக்கு, இரண்டு பங்கு கீழே இருப்பவர்களுக்கு’ என்ற விதி எல்லோருக்கும் மனப்பாடம். 16-ஐ மூன்றால் வகுத்து, 5 மணி 20 நிமிடம் எடுத்துக்கொண்டு, மாலை 5.20-க்கு அழகாக ஆணை கொடுப்பார்கள். கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. ஆனால் அந்த மாதத்தில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கம்பெனிக்குக் கீழே உள்ள பிளாட்டூனின் கமாண்டருக்கு இலக்கைக் கண்ணால் பார்க்க மிஞ்சுவது பத்து நிமிடம். அதற்கும் கீழே உள்ள செக்‌ஷனின் கமாண்டருக்கு இருட்டுதான்.

பங்கிட வேண்டியது 16 மணி நேரத்தை அல்ல, வெளிச்சமிருக்கும் ஐந்தரை மணி நேரத்தை. அதில் மூன்றில் ஒன்று 1 மணி 50 நிமிடம். முதல் கால்மணியில், தயாராகச் சொல்லும் முன்னெச்சரிக்கை ஆணை போக வேண்டும். இடம் பார்க்கப் போகும்போதே பிளாட்டூன் கமாண்டர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். 2 மணிக்குள் முழு ஆணை. அவ்வளவு நேரத்தில் திட்டம் அரைகுறையாகத்தான் இருக்கும். எதிரியின் இயந்திரத் துப்பாக்கி ஒன்று எங்கே இருக்கிறதென்று தெரியாமலே ஆணை கொடுக்க வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ள வேண்டியது அந்தச் சங்கடத்தைத்தான். முழுமையான ஆணைக்கு மார்க் போட்டால் 5.20 ஆணைதான் ஜெயிக்கும்.

அடுத்து, தாக்குதலுக்கு முன் கம்பெனி வரிசைகட்டும் இடம், எஃப்.யூ.பி. நூற்றுச்சொச்சம் பேர் இருட்டை நம்பி அங்கே கூடுவதுதான் பழைய பாடம். 2022-க்குப் பிறகு உக்ரைனில் பார்த்தோம்: வெப்பக் கேமரா மாட்டிய சிறிய ட்ரோனுக்கு இருட்டு ஒரு திரையே இல்லை. ஆகவே கணக்கின் நடுவில் ஒரு துண்டுச்சீட்டை நீட்டலாம்: ‘3.40. தலைக்கு மேல் ட்ரோன் சத்தம். வயர்லெஸ் ஜாம். கம்பெனி கமாண்டர் காயம்.’ இதே சீட்டை ஒவ்வொரு பேட்சுக்கும் அதே கட்டத்தில் நீட்டினால் அதுவும் பி.சி.கே.யில் ஏறிவிடும். நேரம் மாற வேண்டும், விழும் ஆளும் மாற வேண்டும். சில தடவை சீட்டே வராமலும் இருக்க வேண்டும். வரும் வரும் என்று காத்திருந்து உறைந்துபோகிறவரும் தெரிய வேண்டுமே.

அந்த நிமிடத்தில் முடிவெடுக்கப்போவது ஒரு ஹவில்தாரோ நாயக்கோ. பணி வாக்கியத்தை ஆணையில் இரண்டு முறை சொல்லும் வழக்கம் அவருக்காகத்தான். ‘குன்றைப் பிடி’ என்பது பாதி. ‘விடிவதற்குள் பின்னால் வரும் கம்பெனி பாலத்தைக் கடக்கும்படி’ என்பது மீதிப் பாதி. அதிகாரிகள் மட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதிய ஆணை செக்‌ஷனுக்குப் பெரும்பாலும் இந்தியில் இறங்கும்போது முதலில் உதிர்வது இந்த ‘ஏன்’தான். இருபது வருஷ சர்வீஸ் உள்ள சுபேதார் சாப் அதை ஊகித்துக்கொள்வார். புது நாயக்குக்கு முடியாது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘ஜீ சாப்’ என்றுதான் பதில் வரும். வரிசையின் கடைசி ஆளை எழுப்பி, இலக்கு கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டால்தான் ஆணை எதுவரை இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

பயிற்சி முடிந்தபின் நடக்கும் அலசலில்தான் பலதும் வீணாகிறது. அமெரிக்கத் தரைப்படை மொஹாவி பாலைவனத்தின் ஃபோர்ட் இர்வினில் இதை நடத்தும் முறை கவனிக்கத்தக்கது. அங்கே துப்பாக்கிகளில் லேசர் கருவி, எதிரியாக நடிக்க நிரந்தரமான ஒரு படை. யார் யாரைச் சுட்டார்கள் என்று வாக்குவாதம் செய்ய வழி குறைவு. என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன மாற்றுவது என்று கேள்விகள் போகும். நம் பக்கம் பெரிய அதிகாரி முதலில் எழுந்து நாற்பது நிமிடம் பேசிவிட்டால் லெப்டினன்டுகள் வாயே திறக்கமாட்டார்கள். இளையவரிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். அதற்கென்று பயிற்சி நேரத்தில் கால்பங்காவது ஒதுக்க வேண்டும். தரையமைப்பைக் காட்டும் மணல் மாடலுக்கு மூன்று நாள் வண்ணப்பொடி தூவுகிற இடத்தில் இந்தக் கால்பங்கு கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பிங்க் தாளைக் கிழித்துப்போட வேண்டியதில்லை, புதிய டி.எஸ்.ஸுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். ஆனால் அதைக் கடைசியில் வாசித்துக் காட்டும் வழக்கத்தை நிறுத்தலாம். வாசித்த நிமிடமே, மாறுபட்ட விடை எழுதிய பத்துப் பேரும் தங்கள் நோட்டில் அதைத் திருத்திக்கொள்கிறார்கள். அடுத்த பேட்சின் பி.சி.கே. அங்கேதான் பிறக்கிறது.