கோகம் கொட்டையில் வெண்ணெய் எடுத்துப் பார்த்தேன்

ஏப்ரல், மே மாதங்களில் தாதர் சந்தையில் கோகம் பழம் கூடை கூடையாக வந்து இறங்கும். கொங்கண், கோவா, கர்நாடகக் கரையோரம் என்று மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துப் பசுமைமாறாக் காடுகளில் வளரும் மரம். நம் நாகர்கோவில் மீன்குழம்பில் போடும் குடம்புளிக்கும், மங்குஸ்தானுக்கும் நெருங்கிய சொந்தம். இதன் தோலை மும்பையில் தெரியாதவர்கள் இல்லை. காயவைத்தால் ஆம்சூல் என்ற சமையல் புளி, தேங்காய்ப்பாலில் சேர்த்தால் சோல்கடி என்ற பானம். எனக்கோ கொட்டையின் மேல்தான் கண். பித்தவெடிப்புக்குக் கோகம் எண்ணெய் தடவச் சொல்வது இங்கே மராத்தி வீடுகளில் வழக்கம். கடையில் அது கெட்டிக் கட்டியாகக் கிடைக்கிறது. அதை வீட்டு அடுப்பிலேயே எடுத்துப் பார்த்தேன்.

வாங்கியது 3 கிலோ பழம். தோலில் பாதியைச் சர்க்கரையோடு அடுக்கி, கண்ணாடி ஜாடியில் வெயிலில் வைத்தேன். சர்பத்துக்கான பாகு தானாக இறங்கிவிட்டது. மீதியை உப்பு கலந்த பழச்சாற்றில் முக்கி முக்கிக் காயவைத்தேன். கை முழுக்கச் சிவப்பு. சோப்புப் போட்டதும் அந்தச் சிவப்பு நீலம் கலந்த கருப்பாக மாறியது. பயப்பட வேண்டாம், புளிப்பில் சிவப்பாகவும் சோப்பு மாதிரியான காரத்தில் வேறு நிறமாகவும் தெரியும் ஆந்தோசயனின் சாயம் அது.

இனி கொட்டை. சுற்றியிருக்கும் சதை லேசில் விடாது. சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்கத்தான் கழன்றது. மொட்டைமாடியில் நன்றாகக் காய்ந்ததும் குழவியால் லேசாகத் தட்டி, சுளகில் புடைத்து ஓட்டை நீக்கினேன். கிடைத்த பருப்பு சுமார் 150 கிராம். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் கொழுப்பு இளகி, மாவு ஜாரோடு அப்பிக்கொள்ளும். அந்த மாவை அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீரோடு சிறுதீயில் கொதிக்கவிட்டேன். கொழுப்பு மேலே மிதந்து வந்தது. ராத்திரி அப்படியே மூடி வைத்தேன்.

காலையில் தண்ணீர் மேல் வெளிறிய தட்டு ஒன்று உறைந்து நின்றது. ஃபிரிட்ஜ் தேவைப்படவில்லை, அதுவும் மே மாத மும்பையில்! இந்தக் கொழுப்பில் பாதிக்கு மேல் லேசில் உருகாத ஸ்டியரிக் அமிலம், மீதியில் பெரும்பங்கு ஓலியிக் அமிலம். அதனால் கிட்டத்தட்ட 40 டிகிரி வரை இளகாது. கொக்கோ வெண்ணெய் 35-ஐ ஒட்டியே உருகிவிடும். சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக 5 சதவீதம் வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டு விதியில் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் கோகமும் ஒன்று. அந்த ரகச் சரக்கு எங்கே, துணியில் வடிகட்டிய என் சரக்கு எங்கே என்பது வேறு விஷயம்.

தட்டை எடுத்து மறுபடி உருக்கி, சடசடப்பு அடங்கும்வரை ஈரத்தை ஓட்டி வடிகட்டினேன். ஈரம் நின்றால் சிக்கு வாடை வந்துவிடும். கடைசியில் தேறியது 40 கிராம். செக்கில் கொடுத்திருந்தால் இன்னும் வந்திருக்கும்.

தனியாகத் தடவினால் இது மெழுகு மாதிரி கடினம். ஒரு பங்கு கோகத்துக்கு இரண்டு பங்கு தேங்காய் எண்ணெய் கலந்தேன், மத்தியானத்தில் கூழாகிவிட்டது. சரிபாதி கலந்ததும் டப்பாவில் ஒழுங்காக நின்றது. ராத்திரி குதிகாலில் தடவி சாக்ஸ் போட்டுக்கொண்டால் போதும், வெடிப்பின் எரிச்சல் குறைகிறது. பிசுபிசுப்பும் இல்லை. வாசனை என்று சொல்ல ஒன்றுமில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐந்தாறு கொட்டைகளைத் தொட்டியிலும் போட்டிருக்கிறேன். காய்க்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனி உண்டு; கொட்டையிலிருந்து வரும் கன்று எது என்பது பூக்கும்வரை தெரியாது, அதற்குப் பல வருஷம் ஆகும். காய் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான். தாபோலியில் இருக்கும் கொங்கண் வேளாண் பல்கலைக்கழகம் ‘கொங்கண் அம்ருதா’ என்று ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது. ஊரில் அப்பாவின் தோட்டத்துக்கு அதில் இரண்டு ஒட்டுக்கன்று வாங்கிப் போகலாம் என்று இருக்கிறேன். குடம்புளி பக்கத்திலேயே நிழலும் இருக்கிறது.