எக்கோவும் இரைத்தொட்டிப் பம்பும்: ஐந்து வாரம் ஆட்டிவைத்த கருப்பு வயர்

நேற்று காலை தூத்துக்குடிக்கு வெளியே கடலில், 12 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில், எக்கோவில், அதாவது ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவியில், பார் (கடலடிப் பாறைத்திட்டு) எழும்பி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, இரை மீனை உயிரோடு வைக்கும் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற பம்பைப் போட்டேன். திரை அணையவில்லை. பம்பு ஓடுகிறது, எக்கோவும் ஓடுகிறது. ஐந்து வாரமாக இந்த இரண்டும் ஒன்றாக ஓடிப் பார்த்ததில்லை. உடனே தூண்டிலைக்கூட எடுக்கவில்லை, பம்பை நாலைந்து முறை போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு 18 அடி பைபர். பின்னால் இன்ஜின் கனம் இருப்பதால் பேட்டரியை அணியத்துப் (படகின் முன்பக்கத்து) பெட்டியில் வைத்திருக்கிறேன். அங்கிருந்து ஒரு ஜோடி வயர் நாலரை மீட்டர் ஓடி பின்பக்கம் சுவிட்ச் பெட்டிக்கு வருகிறது. எக்கோ, பம்பு, ஒரு சின்ன விளக்கு மூன்றும் அதிலிருந்துதான் பிரிகின்றன. தொட்டியில் சாளையை உயிரோடு வைத்திருக்க வேண்டுமென்றால் பம்பு நிற்கக்கூடாது. பாரைத் தேட எக்கோ வேண்டும். ஆனால் பம்பைப் போட்ட மறுநொடி எக்கோ அணைந்து, மறுபடி தானே எழும்பி, மறுபடி அணையும்.

முதல் வாரம் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். இரவெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட். குறையே இல்லை. அடுத்து பியூஸ், பியூஸ் பெட்டி, சுவிட்ச் மூன்றையும் மாற்றினேன். பிறகு எக்கோவின் பிளக்கிலேயே மீட்டர் வைத்தேன், அங்கேயும் 12.6. வயர் நன்றாக இருக்கிறது, கருவிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, புது எக்கோவுக்கு விலை கேட்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

விசைப்படகுகளுக்கு வயரிங் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் கரையில் நான் மீட்டரோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "செவப்பையே புடிச்சிக்கிட்டு இருக்கியே தம்பி, கருப்பப் பாத்தியா? அதுவும் பம்ப ஓட விட்டுப் பாத்தியா?"

இரண்டையும் நான் செய்திருக்கவில்லை. பம்பை அணைத்துவிட்டு மீட்டர் வைத்தால் அந்த மீட்டர் எடுக்கும் கரன்ட் ஒன்றுமே இல்லை என்கிற அளவுதான். வயரில் இருபது இழை அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். குழாயை மூடி வைத்திருக்கும்போது அடைப்பு தெரியாது, திறந்தால்தான் தண்ணீர் நூலாக வடிவது தெரியும். அதே கதைதான். லோடு ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

இந்த அளவெடுப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் ஐந்து வாரம் போனது இதைச் செய்யாமல்தான். ஆறு மீட்டர் மெல்லிய வயர் ஒன்றை எடுத்து இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் போட்டேன். மீட்டரின் கம்பி அணியத்திலிருந்து பின்பக்கம் வரை எட்டாது, அதற்காக இது. பம்பை ஓட விட்டேன். பேட்டரி முனைகளில் 12.5. எக்கோ பிளக்கில் 9.8! பெரும்பாலான சின்ன எக்கோக்களைப் போல என்னுடையதும் 10 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாது. அப்புறம் என்ன, அணையத்தான் செய்யும்.

நடுவில் 2.7 வோல்ட் எங்கே போகிறது? நீள வயரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை மீட்டரின் ஒரு கம்பியோடு சேர்த்து, மற்ற கம்பியை எக்கோ பிளக்கின் பிளஸ்ஸில் வைத்தேன். 0.4 காட்டியது. அதாவது சிவப்பு வயர், பியூஸ், சுவிட்ச் எல்லாம் சேர்ந்து தின்பது அவ்வளவுதான். அடுத்து மைனஸிலிருந்து மைனஸுக்கு. 2.3. புதிதாக மாற்றிய பியூஸ், சுவிட்ச் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. குற்றவாளி நான் தொடவே தொடாத கருப்பு வயர்.

அடித்தட்டுப் பலகையைக் கழற்றினேன். பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்குகிற இடத்துக்கு மேலே நாலு கருப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. பம்பு எடுப்பது 3 ஆம்பியர். 2.3 வோல்ட் அங்கேயே விழுந்தால் கிட்டத்தட்ட 7 வாட் சூடு, அந்த ஒரு முறுக்கில். டேப்பின் பசை இளகி வழிந்து விரலில் ஒட்டியது. பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு, மாவு மாதிரி உதிர்ந்தது. நாலில் மூன்று வயர் ஓரளவு பரவாயில்லை. பேட்டரிக்குப் போகிற முக்கிய வயரின் இழைகள் விரலால் அழுத்தியதும் பொடியாகிவிட்டன.

அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி இணைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு சாண் வெட்டினேன், உள்ளே செம்பு கரி மாதிரி கருப்பு. இன்னொரு சாண் வெட்டினேன், அதுவும் கருப்பு. மேலே உறை பளபளவென்று புதிதாக இருக்கிறது, உள்ளே உப்புத்தண்ணீர் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறியிருக்கிறது. வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 1 சதுர மில்லிமீட்டர் வயர் அது. முழுவதையும் உருவி எறிந்தேன்.

புதிதாகப் போட்டது 2.5 சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசிய செம்பு வயர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற அதே காரணம்தான் இங்கேயும், களிம்பு பிடிக்காது. உள்ளூர்க் கடைகளில் கேட்டால் முழிக்கிறார்கள். கடைசியில் துறைமுகப் பக்கம் ஒரு கடையில் மீட்டர் கணக்கில் கிடைத்தது. சாதா வயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை, ஆனாலும் வாங்கலாம். இணைப்பின் மேல் மாட்டிச் சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் வாங்கும்போது உள்ளே பசை தடவியதா என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு முதலில் வந்தது பசையில்லாத வகை. அது சுருங்கும், ஆனால் தண்ணீரைத் தடுக்காது. பசை உள்ளதைச் சூடாக்கினால் இரண்டு ஓரத்திலும் பசை ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கி வரும். அது வந்தால்தான் நன்றாக அடைபட்டது என்று அர்த்தம்.

இணைப்பை ஈயம் உருக்கிப் பற்றவைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். படகில் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பற்றவைத்த இடம் குச்சி மாதிரி விறைத்துவிடும், அலையிலும் இன்ஜின் அதிர்விலும் அந்த விளிம்பில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். வயரை உலோகக் குழலுக்குள் விட்டு அழுத்தி இறுக்குகிற கிரிம்ப்தான் நல்லது, அதுவும் முழுக்க அழுத்தினால்தான் விடுகிற ராட்செட் கருவியில். கட்டிங் பிளையரால் நசுக்கியதெல்லாம் இழுத்தால் உருவிக்கொண்டு வருகிறது. ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் நன்றாக இழுத்துப் பார்த்தேன்.

எக்கோவுக்கும் பம்புக்கும் இப்போது தனித்தனி ஜோடி, தனித்தனி பியூஸ். பம்பின் ஜோடியில் முதலில் அளந்தேன்: பம்பு ஓடும்போது சிவப்பில் 0.17, கருப்பில் 0.1. பம்பு முனையில் 12.2. பம்பின் சத்தமே மாறிவிட்டது, தொட்டியில் தண்ணீர் முன்பைவிட வேகமாகப் பீய்ச்சுகிறது. எக்கோ பிளக்கில் 12.4, பம்பைப் போட்டாலும் அணைத்தாலும் ஒரே மாதிரி. நேற்று தொட்டியில் போட்ட சாளை திரும்பும் வரை துள்ளிக்கொண்டிருந்தது. கிடைத்தது இரண்டு பாரை மீன், ஒரு ஊளி மீன்.

இன்னும் ஒரு தொல்லை பாக்கி இருக்கிறது. பம்பு ஓடும்போது திரையில் மெல்லிய கோடுகள் மேலிருந்து கீழாகப் புள்ளி புள்ளியாக விழுகின்றன. டிரான்ஸ்டியூசர் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்குகிற எக்கோவின் பாகம்) கேபிளைப் பம்பு வயரோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தேன், அதுதான் காரணமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து எதிர்ப்பக்க ஓரமாகக் கொண்டுபோகப் போகிறேன். இதற்கிடையில் எக்கோவுக்கு மட்டும் ஒரு சின்ன லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைக்கலாமா என்று யோசனை ஓடுகிறது. 12.8 வோல்ட், 7 ஆம்பியர் மணி இருந்தாலே ஒரு நாள் தாராளமாக ஓடும். அதை நனையாமல் வைக்கப் பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன். மூடியில் ரப்பர் வளையம் உள்ளதாக, கையடக்கமாக ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.