மோட்டார் கொட்டகைக்கு எழுதிய நிரலைப் பிறருக்குக் கொடுத்தபோது

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் சின்ன ஓஎல்இடி திரையில் தமிழ் எழுத்து காட்டும் நிரல் ஒன்றை எழுதி வெகுநாள் ஆகிறது. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் என் தாய்மாமா முள்ளு கத்திரி போடும் நிலத்தில், மோட்டார் கொட்டகைச் சுவரில் அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதை முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் பயன்படுத்தும்படி ஆக்குவதற்கு, எழுதியதைவிட அதிகக் காலம் பிடித்தது. நான் சொல்லப்போவது அந்த இரண்டாவது வேலையைப் பற்றி. மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லில் பொழுதுபோக்காக ஏதாவது செய்து, "யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம்" என்று நினைத்திருப்பவர்களுக்கு உதவலாம்.

மாமாவின் தேவை எளிது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீர் ஏறுகிறது. தொட்டியின் மேல் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், கொட்டகையில் ஆர்டுயினோ நானோ என்னும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்று, 0.96 அங்குலத் திரை. முதலில் சதவீதம்தான் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "நூற்றுக்கு எத்தனை என்று எனக்கு வேண்டாம் மாப்பிள்ளை. நிரம்பியதா இல்லையா, அதைத் தமிழில் எழுதிக் காட்டு" என்றார். அதனால் நான்கு வாக்கியங்கள்: தொட்டி நிரம்பியது, பாதி இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கணினியில் அவற்றை எழுதி, 128க்கு 16 பிக்சல் படங்களாக மாற்றி நினைவகத்தில் வைத்துவிட்டேன். ஒரு படம் 256 பைட். நான்கும் சேர்ந்து ஒரு கிலோபைட். கொட்டகைக்கு இது தாராளம்.

கேட்டு வந்தவர்களுக்கு அது போதவில்லை. குடியாத்தத்தில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பிக்கு இறுதியாண்டுத் திட்டத்தில் வேறு சொற்கள் தேவைப்பட்டன. வாலாஜாவில் டியூஷன் நடத்தும் ஒரு அக்காவுக்கு, அடுத்த வகுப்பு எது என்று காட்டும் சிறு பலகை வேண்டும். என் நான்கு படங்களை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்வார்கள்? எந்தத் தமிழ் வாக்கியத்தைக் கொடுத்தாலும் காட்டும்படி செய்தால்தான் அது பகிரத் தக்க நிரல்.

அங்கேதான் திரையின் அமைப்பைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்தத் திரைகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி1306 என்னும் சில்லு. 128க்கு 64 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு ஒரு பிட், ஆக 1024 பைட். அந்த 64 வரிசைகளும் எட்டு எட்டாகப் பிரிந்து எட்டுப் பக்கங்களாக இருக்கின்றன. ஒரு பைட் என்பது ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக நிற்கும் எட்டுப் புள்ளிகள். மதிப்பில் மிகச் சிறிய பிட் மேலே. படுக்கை வரிசையாகப் பழகியவர்களுக்கு இது முதலில் குழப்பும்.

நானோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லின் ரேம் 2048 பைட்தான். திரை முழுவதையும் ரேமில் வைத்து வரையும் நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) அதில் பாதியை எடுத்துக்கொள்கின்றன. அதிலும், அந்த இடத்தை ஓடத் தொடங்கிய பிறகு கேட்டு வாங்கும் நூலகமாக இருந்தால், கம்பைல் செய்யும்போது, அதாவது நிரலைச் சில்லுக்குரிய மொழிக்கு மாற்றும்போது, வரும் நினைவகக் கணக்கில் அது தெரியாது. எல்லாம் சரி என்று காட்டிவிட்டுத் திரை இருட்டாகவே இருக்கும். ஆலிவர் கிரவுஸ் எழுதிய யூ8ஜி2 போன்ற நூலகத்தில் பக்கம் பக்கமாக வரைந்து ரேமை மிச்சப்படுத்தும் வழி உண்டு. அருமையான நூலகம் அது. படம், கோடு, வட்டம் எல்லாம் வேண்டுமென்றால் இன்றும் அதைத்தான் பரிந்துரைப்பேன். என் தேவை எழுத்து மட்டும். ஆகவே ரேமில் எதையும் வைக்காமல், ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து எடுத்து நேரடியாகத் திரைக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுத்தின் உயரம் 16 பிக்சல், அதாவது சரியாக இரண்டு பக்கம். மேலே மஞ்சள், கீழே நீலம் என இரு நிறத்தில் வரும் திரைகளில் மஞ்சள் பட்டையும் 16 வரிசைதான் என்பது கூடுதல் வசதி.

இந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது. திரையில் ஏற்கெனவே இருப்பதைப் படித்து அதன்மேல் ஒன்றைச் சேர்க்க முடியாது. க வரைந்துவிட்டு மேலே புள்ளி வைத்து க் ஆக்கலாம் என்றால், அதற்கு வழியில்லை. வடிவம் மாறும் ஒவ்வொன்றையும் தனியாக வரைந்தாக வேண்டும். 247 எழுத்துக்கும் 247 வடிவம் தேவையில்லை என்பது ஆறுதல். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. மெய், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் இந்த ஐந்துக்கும் பதினெட்டு பதினெட்டாக 90. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என நான்கு. ஔகாரத்தின் கடைசி உறுப்புக்கு ள வடிவமே போதும். மொத்தம் 125. ஓர் எழுத்துக்குச் சராசரியாக 14 பிக்சல் அகலம் வைத்தால் 28 பைட்; எல்லாம் சேர்ந்து மூன்றரை கிலோபைட். 32 கிலோபைட் ஃபிளாஷில் இது ஒரு பொருட்டே அல்ல.

வரிசைச் சிக்கல் தனி. யூனிகோடில் கெ என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். கொ, கோ, கௌ மூன்றுக்கும் இரு பக்கமும் உறுப்புகள். கணினியிலும் கைபேசியிலும் இதைச் செய்யத் தனி மென்பொருள் இருக்கிறது; நானோவில் நாம்தான் செய்ய வேண்டும். ஒரு மெய்யைக் கண்டால் உடனே வரையாமல், அடுத்து வருவது என்ன என்று பார்த்துவிட்டு வரைவதே தீர்வு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டும் சமம். எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய உரையில் இரண்டாவது வகை வந்து நிற்கும் என்பதால் இரண்டையும் ஏற்கும்படி எழுதினேன். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒகரத்தை ஒரே குறியாக எழுதினால் கொ என்பது ஆறு பைட். நிரலை எடுப்பவர் வாக்கியத்தின் நீளத்தை எழுத்தில் எண்ணி, பத்து எழுத்துக்குப் பத்து பைட் இடம் ஒதுக்கிவிடக் கூடாது. இதை விளக்கக் குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டேன்.

எழுத்துருவுக்கு வருவோம். சொந்தக் கொட்டகையில் எந்த எழுத்துருவைப் படமாக்கினாலும் கேட்பாரில்லை. வெளியில் கொடுக்கும்போது அப்படியில்லை. இயங்குதளத்தோடு வரும் எழுத்துருவின் வடிவங்களைப் பெயர்த்து விநியோகிக்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் அந்த வம்பே வேண்டாம் என்று, ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து உருவாக்கிய வடிவங்களையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். எனவே எழுத்துக் கோப்பு தனி, அதன் உரிமம் தனி. நிரலுக்கு, யாரும் தாராளமாக எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம்.

எழுத்துருவை 16 பிக்சலுக்குச் சுருக்கினால் கிடைப்பது பெரும்பாலும் களிமண் உருண்டைதான். ன, ண இரண்டும் ஒன்றாகிவிடும். ஞ என்னவென்றே தெரியாது. மேலே மூன்று வரிசை புள்ளிக்கும் இகர, ஈகார விசிறிக்கும், கீழே மூன்று உகர வாலுக்கு, நடுவில் பத்து உடலுக்கு என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கையால் திருத்தினேன். ண மட்டும் மற்றவற்றைவிட அகலமாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: மூன்று சுழி தெரிய வேண்டுமானால் வேறு வழியில்லை. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மனநிறைவு தந்த பகுதி இதுதான்.

பிறகு சோதனை. என் மேசையில் ஓடுவதை நானே சோதித்து என்ன பயன்? குடியாத்தத்துத் தம்பியிடம் கோப்புகளைக் கொடுத்து, தொலைபேசியில் எதுவும் விளக்க மாட்டேன், குறிப்பைப் படித்து மட்டும் செய்து பாருங்கள் என்றேன். அன்று மாலையே அழைத்தார். "அண்ணா, எழுத்து வருகிறது. ஆனால் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை புள்ளிப் புள்ளியாக ஏதோ மின்னுகிறது." அவருடையது 1.3 அங்குலத் திரை. அந்த அளவில் வருபவற்றில் பெரும்பாலும் எஸ்எச்1106 சில்லு இருக்கும். அதன் நினைவகம் 132 நெடுவரிசை. கண்ணாடியில் தெரியும் 128 அதன் நடுவில் பொருந்தியிருப்பதால், எழுதத் தொடங்க வேண்டிய இடம் 0 அல்ல, 2. பூஜ்யத்தில் தொடங்கினால் படம் இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்ந்து, வலது ஓரத்தில் யாரும் எழுதாத நினைவகத்தின் குப்பை தெரியும். திரையின் வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு வரி சேர்த்தேன்.

டியூஷன் அக்காவின் திரையில் ஒன்றுமே வரவில்லை. பலகையின் பின்புறம் 78 என்று அச்சிட்டிருந்ததை அப்படியே நிரலில் முகவரியாகப் போட்டிருந்தார். அவர் மேல் குறையில்லை. அச்சிட்டவர்கள் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். அது எழுதவா படிக்கவா என்னும் பிட்டையும் சேர்த்து, பதினாறடிமானத்தில் எழுதிய எட்டு பிட் எண். திரையோடு பேச உதவும் ஆர்டுயினோவின் வயர் நூலகம் எதிர்பார்ப்பது ஏழு பிட் எண், அதாவது அதில் பாதி: பதினாறடிமானத்தில் 3சி, தசமத்தில் 60. இன்னொரு சாத்தியம் 61. இப்போது நிரலே இரண்டு முகவரியையும் தட்டிப் பார்த்து, பதில் வருவதை எடுத்துக்கொள்கிறது.

மென்பொருளால் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. நான்கு முனைகளின் வரிசை திரைக்குத் திரை மாறுகிறது. சிலவற்றில் முதல் முனை கிரவுண்ட், சிலவற்றில் மின்சாரம். படத்தைப் பார்த்து இணைத்தால் திரை போய்விடும். வேலூரில் இந்தத் திரை எப்போதும் கிடைப்பதில்லை. இல்லாவிட்டால் காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும், அல்லது அஞ்சலுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் இணைப்புப் படத்தை எடுத்துவிட்டு, எந்தப் பெயர் எழுதிய முனை நானோவின் எந்த முனைக்குப் போக வேண்டும் என்று எழுத்தால் மட்டும் எழுதினேன். எஸ்டிஏ என்று எழுதியது ஏ4க்கு, எஸ்சிஎல் என்று எழுதியது ஏ5க்கு. பலர் படம் கேட்கிறார்கள். கொடுப்பதாக இல்லை.

மாமாவின் கொட்டகை கற்றுக்கொடுத்த ஒன்றையும் நிரலோடு சேர்த்தேன். மும்முனை மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான கான்டாக்டர் ஒட்டும் நொடியில் கிளம்பும் மின்இரைச்சலில் திரைக்கும் நானோவுக்கும் இடையிலான ஐ2சி தொடர்பு நின்றுபோவதுண்டு. வயர் நூலகம் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்துவிடும். நிரல் முழுவதும் உறைந்துவிடும். 2020-ல் அந்த நூலகத்தில் காத்திருப்புக்குக் கால வரம்பு வைக்கும் வசதி வந்தது. அது தானாக இயங்காது, நாம்தான் முடுக்க வேண்டும். மேசையில் மட்டும் சோதித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. அதோடு, ஓஎல்இடியில் ஒரே எழுத்து நாள் முழுவதும் நின்றால் அந்த இடம் மங்கும் என்பதால், ஒரு நிமிடத்தில் திரை அணையும். பொத்தானை அழுத்தினால் மீண்டும் வரும்.

இனி மூட்டை கட்டும் வேலை. காட்பாடி வீட்டில் இதே திரையை வைஃபை சில்லோடு வைத்திருக்கிறேன். அந்த நிரலில் வீட்டுக் கடவுச்சொல் இருக்கிறது. கோப்பிலிருந்து இன்று அழித்தாலும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் அது கிடக்கும். எனவே பழைய களஞ்சியத்தைத் திறந்துவிடாமல், புதிதாக ஒன்று தொடங்கி, தேவையானதை மட்டும் எடுத்துவைத்தேன். வேர்டு கோப்பில் ஒட்டி அனுப்பும்படி சிலர் கேட்டார்கள். அதில் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாகிவிடும், கம்பைலர் ஏற்காது. திரையை முடுக்கும் தொடக்கக் கட்டளைகள் சிலவற்றை பிஎஸ்டி உரிமத்தில் உள்ள ஒரு நூலகத்தைப் பார்த்து எழுதியிருந்தேன்; அதன் உரிமக் குறிப்பை அந்தக் கோப்பின் தலையிலேயே வைத்தேன். உரிமம் எதுவும் எழுதாமல் நிரலை வெளியிடுவது தாராள மனம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி அது நேரெதிர்: உரிமம் இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது, வேறு யாரும் தொட முடியாது.

ஆர்டுயினோவின் நூலகப் பட்டியலில் சேர்ப்பது நான் பயந்த அளவுக்கு இல்லை. பெயர், பதிப்பு எண், பராமரிப்பவர், வகை ஆகியவற்றைச் சொல்லும் ஒரு கோப்பு, ஒரு எடுத்துக்காட்டு, சரியான கோப்புறை அமைப்பு. இவற்றைச் சரிபார்க்க ஆர்டுயினோ-லின்ட் என்ற கருவி இருக்கிறது. பிறகு களஞ்சியத்தின் முகவரியைப் பட்டியலில் சேர்க்கும்படி ஒரு கோரிக்கை. சோதனையில் தேறினால் தானாகவே ஏற்கப்படுகிறது. அடுத்தடுத்த பதிப்புகளுக்குக் கோரிக்கையும் வேண்டாம், பதிப்பு எண்ணிட்டு வெளியிட்டால் போதும். நூலகத்தின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் காட்டுவதற்கென்றே எழுதிய நூலகத்துக்குத் தமிழில் பெயர் வைக்க முடியவில்லை. குறிப்புகளை முழுக்கத் தமிழில் எழுதி ஆற்றிக்கொண்டேன்.

வெளியிட்ட பின் வந்த முதல் புகார் உள்ளூரிலிருந்துதான். பொற்கோயில் பக்கம் வேன் ஓட்டும் ஒருவர், வண்டியின் முன்கண்ணாடியில் வைக்க ஸ்ரீபுரம் என்று எழுதிப் பார்த்திருக்கிறார். ஸ் போன இடம் வெற்றிடம், பக்கத்தில் ரீ. கிரந்த எழுத்துகளை நான் சேர்த்திருக்கவே இல்லை. ஜ, ஷ, ஸ, ஹ நான்குக்கும் வடிவங்கள் வரைந்தபின் ஸ், ரீ என்று தனித்தனியாக வந்தது. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்னும் நான்கு குறிகளைச் சேர்த்துப் பார்த்து ஒரே வடிவமாக்கினால் சரியாகும். ஆனால் அந்த எழுத்தை ஸ கொண்டும் எழுதலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶ கொண்டும் எழுதலாம்; எந்த விசைப்பலகை எதைத் தரும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் பிடிக்கும்படி மாற்றிய பதிப்பு இப்போது பட்டியலில் இருக்கிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ளுங்கள். க்ஷ அடுத்த பதிப்பில் வரும்.