ஒரே முகவரிக்கு இரண்டு சொந்தக்காரர்கள்: கட்டண இணையதளத்தில் ஒன்பது நாள் பட்ட பாடு

கட்டணம் கட்டக் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரு பாலிடெக்னிக் கல்லூரியின் பழைய இணையதளத்தையும், கட்டணம் வாங்குவதற்காக நான் எழுதிக் கொடுத்த சேவையையும் ஒரே டொமைனுக்குக் கீழே கொண்டுவந்த வாரம் அது. வாசலில் கோரிக்கைகளை வாங்கிப் பிரித்து அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், பின்னால் 8080 போர்ட்டில் ஜாவா சேவை, வட்டில் பல வருடத்துப் பழைய எச்டிஎம்எல் பக்கங்கள். சர்வர் மாற்றம், டிஎன்எஸ், சான்றிதழ் எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிட்டன.

வினை ஒரு சொல்லில் இருந்தது. பழைய இணையதளத்தில் விடுதி, நூலகம், கட்டணம் பற்றிய பக்கங்கள் எல்லாம் "/சர்வீசஸ்/" என்ற ஃபோல்டருக்குள் இருந்தன. என் சேவையின் பாதைகளும் "/சர்வீசஸ்/" என்றுதான் தொடங்கின. முன்பு அது தனி சப்டொமைனில் இருந்ததால் மோதுவதற்கு ஆளில்லை. இப்போது பெயரை மாற்றவும் வழியில்லை. அந்தப் பாதைகளைக் கேட்கும் செயலி மாணவர்களின் கைபேசிகளில் ஏற்கெனவே இருக்கிறது. பழைய பக்கங்களின் முகவரிகளோ கையேட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் அச்சாகிவிட்டன. இரண்டும் ஓடியாக வேண்டும்.

இதற்கு எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எதை எந்த வரிசையில் தேடுவது என்று என்ஜின்எக்ஸுக்குச் சொல்லும் ட்ரை ஃபைல்ஸ் வரியில் மூன்று கட்டங்கள்: கேட்ட பெயரில் கோப்பு இருந்தால் அதைக் கொடு, ஃபோல்டர் இருந்தால் அதைக் கொடு, இரண்டும் இல்லாவிட்டால் சேவைக்கு அனுப்பு. உள்நுழைவைச் சோதித்தேன், வேலை செய்தது. மதிப்பெண் பட்டியலும் வந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

திங்கள்கிழமை காலை கட்டணப் பிரிவிலிருந்து தொலைபேசி. மாணவர்கள் கட்டண விண்ணப்பத்தை அனுப்பினால் செயலியில் "எதிர்பாராத குறி <" என்று பிழை வருகிறதாம். சர்வர் பதிவேட்டில் பார்த்தால் பிழை எதுவும் இல்லை, கடைசிப் பதில் எல்லாமே 200, அதாவது வெற்றி. அதை நம்பி அன்று முழுவதும் ஜாவா நிரலைத் துருவினேன். ஒரு நாள் வீண். ஜேசன் (நிரல்கள் பரிமாறிக்கொள்ளும் தரவு வடிவம்) வர வேண்டிய இடத்தில் அந்த < குறி வந்தால், அது அநேகமாக ஏதோ ஒரு எச்டிஎம்எல் பக்கத்தின் முதல் எழுத்து. உங்களுக்கும் இது நேர்ந்தால் நிரலைத் திறக்காதீர்கள். பின்னால் இருக்கும் சேவையின் பதிவேட்டை மட்டும் பாருங்கள். என்னுடையதில் அந்த விண்ணப்பங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. கோரிக்கை சேவையிடம் வந்து சேரவே இல்லை. வேறு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடிப்பதற்குள் இன்னொரு தடுமாற்றம். கோரிக்கையைக் கையால் அனுப்பிப் பார்க்க உதவும் கர்ல் கட்டளையில் போஸ்ட் (தகவலை அனுப்பும்) முறையை "-எக்ஸ்" கொடுத்து வலுக்கட்டாயமாகக் குறிப்பிட்டு, திசைமாற்றங்களைப் பின்தொடரவும் சொல்லியிருந்தேன். எனக்கு 405 (இந்த முறைக்கு இங்கே அனுமதியில்லை) வந்தது, செயலிக்கு 200 வருகிறது. ஒரே முகவரி, இரண்டு பதில்கள். முறையை இப்படி வலுக்கட்டாயமாகக் கொடுத்தால், திசைமாறிய பிறகும் கர்ல் போஸ்டாகவே அனுப்பும். செயலியோ மற்றப் பெரும்பாலான கருவிகளைப் போல, 301 (முகவரி மாறிவிட்டது என்ற பதில்) கிடைத்ததும் போஸ்டை கெட் (பக்கத்தைக் கேட்டு வாங்கும் முறை) ஆக மாற்றிவிடும். பின்தொடர்வதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பதிலாகப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

நடந்தது இதுதான். செயலி "/சர்வீசஸ்/ஃபீஸ்" என்ற முகவரிக்கு விண்ணப்பத்தை அனுப்புகிறது. வட்டில் அதே பெயரில் பழைய ஃபோல்டர் ஒன்று இருக்கிறது. ட்ரை ஃபைல்ஸின் இரண்டாவது கட்டம் "ஃபோல்டர் இருக்கிறதே" என்று அங்கேயே நின்றுவிடுகிறது. ஃபோல்டரைச் சாய்கோடு இல்லாமல் கேட்டால் என்ஜின்எக்ஸ் கடைசியில் சாய்கோடு சேர்த்து 301 கொடுக்கும். வந்தது போஸ்டா கெட்டா என்று அந்த இடத்தில் அது பார்ப்பதில்லை. செயலி அந்த 301-ஐப் பின்தொடர்ந்து கெட் அனுப்ப, விண்ணப்பத்தின் உள்ளடக்கம் வழியிலேயே உதிர்ந்து, "கட்டண விவரங்கள்" என்ற பழைய பக்கம் 200 என்ற முத்திரையோடு திரும்புகிறது. உள்நுழைவுக்கும் மதிப்பெண்ணுக்கும் அந்தப் பெயர்களில் ஃபோல்டர் இல்லாததால் அவை தப்பித்தன. நல்லவேளை, பணம் பிடிப்பது இதற்கு அடுத்த படி. யாருடைய பணமும் போகவில்லை.

திருத்தம் என்னவோ ஒரே வரிதான். அந்த வரியைத் தொட அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. சர்வரைப் பராமரிக்கும் நிறுவனம் அமைப்புக் கோப்பை மாற்ற வேண்டுமானால் கல்லூரியின் கடிதத்தாளில் முதல்வர் கையெழுத்து வேண்டும் என்றது. கல்லூரி வளாகத்துக்குள்ளிருந்து மட்டுமே சர்வருக்குள் நுழைய முடியும் என்பது அடுத்த விதி. செவ்வாய்க்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். முதல்வர் வெளியூரில் இருந்தார். அலுவலகத் திண்ணையில் மாலை வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். கையெழுத்து கிடைத்தது புதன்கிழமை. இது போன்ற வேலையை ஒப்புக்கொள்ளும்போதே அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

ஃபோல்டர் கட்டத்தை நீக்கினேன். இப்போது கோப்பு, இல்லாவிட்டால் சேவை, அவ்வளவுதான். அதன் விளைவாகச் சாய்கோட்டோடு முடியும் பழைய "/சர்வீசஸ்/ஃபீஸ்/" பக்கம் சேவைக்குப் போய் 404 (பக்கம் இல்லை) ஆனது. அதற்குச் சமக்குறி போட்ட தனி லொகேஷன் (எந்த முகவரிக்கு எப்படிப் பதில் சொல்வது என்ற விதி) எழுதி, அந்த ஃபோல்டரின் இன்டெக்ஸ் கோப்பை நேரடியாகக் காட்டினேன். சமக்குறி போட்டது எப்போதும் முதலில் ஜெயிக்கும். பலகையில் அச்சாகியிருந்ததோ சாய்கோடு இல்லாத முகவரி. செயலி எப்போதும் பதிவு எண்ணோடுதான் கேட்கும் என்பதால், பதிவு எண் இல்லாமல் கெட் வந்தால் பழைய பக்கத்துக்கு 302 (தற்காலிகத் திசைமாற்றம்) அனுப்பும்படி சேவையிலேயே இரண்டு வரி சேர்த்தேன். பலகையைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் பெற்றோருக்கும் வழி பிறந்தது.

வியாழக்கிழமை விண்ணப்பங்கள் பதிவாகத் தொடங்கின. ரசீது வரவில்லை.

ரசீதைச் சேவை அந்தந்த நேரத்தில் உருவாக்கித் தருகிறது, முகவரி பிடிஎஃப் என்று முடியும். அதற்கு 404. இந்த முறை ஜாவாவைத் தொடவில்லை. 404 பக்கத்தின் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணி, நடுவில் ஒரு கோடு, அதன் கீழே என்ஜின்எக்ஸ் பெயர். என் சேவை 404 சொன்னால் ஜேசனாகத்தான் சொல்லும். ஆகவே இங்கும் கோரிக்கை வாசலிலேயே மடக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் என் கையில் இருந்த அமைப்புக் கோப்பில் பிடிஎஃப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்து முறை படித்தேன். வேறொரு கோப்பை உள்ளே இழுக்கும் இன்க்ளூட் வரி ஒன்று மட்டும் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நிறுவனத்தின் உதவிப் பிரிவில் கேட்டேன். "அது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொதுவானது சார், உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்வர் நன்றாக ஓடுகிறது, உங்கள் நிரலைப் பாருங்கள்" என்றார் பேசியவர். கோப்பை அனுப்புங்கள் என்றதற்கு மறுத்துவிட்டார். இரண்டு மணி நேரத்தில் மூன்று பேரிடம் இதையே சொல்லி இதே பதிலைக் கேட்டேன். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதுதான். கோப்பைத் திறந்தே பார்க்காமல் சம்பந்தமில்லை என்று சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் இரண்டு பஸ். உள்ளே நுழைந்து, பெரிய எழுத்து டி போட்ட என்ஜின்எக்ஸ் கட்டளையை ஓட்டினேன். சின்ன எழுத்து அமைப்பை இலக்கணப் பிழைக்காகச் சோதிக்கும். பெரிய எழுத்தோ சோதித்துவிட்டு, இன்க்ளூட் செய்யப்பட்ட எல்லாக் கோப்புகளையும் விரித்துத் திரையில் கொட்டும். அங்கே கண்டேன்: சிஎஸ்எஸ், ஜேஎஸ், பிஎன்ஜி, ஜேபிஜி, பிடிஎஃப் என்று முடியும் எதையும் வட்டில் மட்டும் தேடச் சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும்) லொகேஷன்.

முன்னொட்டுகளில், அதாவது முகவரியின் தொடக்கத்தோடு பொருந்தும் லொகேஷன்களில், மிக நீளமானது ஜெயிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். என்ஜின்எக்ஸ் நீளமான முன்னொட்டை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு ரெகுலர் எக்ஸ்பிரஷன்களை அவை எழுதப்பட்ட வரிசையில் பார்க்கும். முதலில் பொருந்தும் எக்ஸ்பிரஷனுக்கே கோரிக்கை போய்விடும். எதுவும் பொருந்தாவிட்டால்தான் நினைவில் வைத்த முன்னொட்டு. இதைத் தடுக்க முன்னொட்டுக்கு முன்னால் ^~ என்ற குறியை இட வேண்டும். "இதுவே நீளமான முன்னொட்டு என்றால் மேற்கொண்டு தேடாதே" என்பது அதன் பொருள். "/சர்வீசஸ்/" முன்னால் அந்த இரண்டு எழுத்துகளைப் போட்டுச் சேமித்தேன். ரசீது திறந்தது. கல்லூரி முத்திரையோடு அந்தப் பக்கம் திரையில் விரிந்தபோது கண் கலங்கிவிட்டது.

கையோடு, பதிலோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும் குறிப்பான ஒரு தலைப்பையும் (ஹெடர்) சேர்த்தேன். எந்த லொகேஷன் பதில் சொன்னதோ அதன் பெயர் ஒவ்வொரு பதிலிலும் வரும். இதைச் சேர்க்கும்போது "ஆல்வேஸ்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விட்டால் 404 பதில்களில் தலைப்பு வராது, உங்களுக்கு அது தேவைப்படுவதே அங்கேதான். பிறகு வட்டில் உள்ள ஃபோல்டர் பெயர்களையும் சேவையின் பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். நூலகப் பகுதியில் இன்னும் இரண்டு மோதல்கள் காத்திருந்தன. இதை முதல் நாளே செய்திருந்தால் பத்து நிமிட வேலை.

சனிக்கிழமை கட்டணப் பிரிவு எழுத்தர் அழைத்தார். "சில மாணவர்களுக்கு வருகிறது, சில மாணவர்களுக்குப் பழைய பக்கமே வருகிறது சார்." அவர் சொன்ன பதிவு எண்களை என் கணினியில் பார்த்தேன், எல்லாம் சரி. எண்களுக்குள் என்ன ஒற்றுமை என்று கேட்டுக்கேட்டுப் பார்த்ததில் விளங்கியது. அவை எல்லாம் திங்கள், செவ்வாயில் அவரே தேடிப் பார்த்த எண்கள். 301 என்பது நிரந்தர மாற்றம். பிரவுசர் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே பழைய வழியில் போகும். பதிவு எண் முகவரியின் பகுதி என்பதால் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக அது சேமிக்கப்பட்டிருந்தது. தொலைபேசியிலேயே வழி சொல்லி கேஷை அழிக்க வைத்தேன். "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்று அவர் உரக்கச் சொன்னது பக்கத்து மேசைக்கும் கேட்டிருக்கும். சோதனைக் காலத்தில் நீங்களாக எழுதும் திசைமாற்றங்களுக்கு 302 போதும். போஸ்ட் வரக்கூடிய பாதையானால் 307 கொடுங்கள், அது முறையை மாற்றாது.

கடைசித் தேதி தள்ளிப்போகாமல் முடிந்தது. செயலியின் அடுத்த பதிப்பில் பாதைகளை "/ஏபிஐ/" என்று மாற்றியிருக்கிறேன். பழைய பதிப்பை வைத்திருக்கும் கைபேசிகள் இன்னும் இருப்பதால் அந்த ^~ வரியும், யார் பதில் சொன்னார் என்று காட்டும் தலைப்பும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கடிதத்தின் நகல் ஒன்றும் என் பையில் இருக்கிறது.